கூண்டுக்குப் போர்த்திய சால்வை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அன்று நான் உதவி செய்யாமல் இருந்திருந்தால், அதுவே பெரிய உதவியாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை காட்டுப் பட்டுப்பூச்சிகளைத் தேடித் திரிபவர். குளிர்காலம் முழுக்க அவர் பாதுகாத்த ஒரேயொரு கூட்டிலிருந்து அன்று காலை பெண்பூச்சி வெளியே வந்திருந்தது. அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. ஆயுள் சில நாட்கள்தான். அதற்குள் தன் வாசத்தால் ஓர் ஆண்பூச்சியை அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டைகள் பொரிக்காது.

பூச்சியை வைத்த வலைக்கூண்டோடு விம்பிள்டன் பக்கத்தில் புதர் மண்டிய பற்றைவெளிக்குப் போனோம். குளிர்காற்று அடித்தது. கோயிலுக்கு மட்டும் நான் போடும் பட்டுச் சால்வை காரில் கிடந்தது. பட்டும் பட்டும் சொந்தம்தானே என்று கூண்டைப் போர்த்திவிட்டேன்.

ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லை. அண்ணை குனிந்து மோந்து பார்த்தார்.

“என்னப்பா இது மணக்குது?”

“பூச்சி அரிக்காமல் பெட்டிக்குள்ளை அந்துருண்டை போட்டு வைக்கிறனான் அண்ணை.”

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே விளங்கியது. அண்ணை சால்வையை உருவி எறிந்தார். பூச்சி அசையாமல் கிடந்தது. எதற்கும் பகிடி விடுகிற நான் கூண்டருகே குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் கழித்து அதன் சிறகு மெல்ல நடுங்கியது. பிறகு பற்றைகளுக்கு மேலால் செம்மஞ்சளாய் ஓர் ஆண்பூச்சி வளைந்து வளைந்து வந்து கூண்டில் மோதியது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். ஒரு பூச்சிக்காக இப்படிப் பயப்படுவேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“அடுத்த வருசமும் வாறன் அண்ணை.”

“சால்வையில்லாமல் வாரும்.”