அம்மாவுக்கு வரைந்த மீசை

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். பாகங்கள் செய்யும் அந்த லைனுக்குப் பெண்களை எடுத்தது அதுதான் முதல் தடவை. அப்பா லாரியோடு ஆந்திர எல்லையிலிருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வந்தாலும் தூங்கத்தான் வருவார். புதுவாயலில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீடு அம்மாவின் சம்பளத்தில்தான் ஓடியது.

கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ அம்மாவின் காலுக்கு ரொம்பப் பெரியது. ஸ்டோரில் போய்க் கேட்டதற்கு, "இருக்கிறதுலயே சின்னது ஏழுதாம்மா. லேடீஸ் சைஸ்லாம் வராது" என்று சொல்லிவிட்டார்களாம். பழைய பாவாடைத் துணியைச் சுருட்டி விரல் பக்கம் திணித்து அம்மா சமாளித்தாள். நடந்தால் குதிகால் தனியாகவும் ஷூ தனியாகவும் எழும். எனக்கு அது வேடிக்கை. அவள் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டுவேன். அவளும் சிரிப்பாள்.

அந்த வருஷம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கேன்டீனில் ஓவியப் போட்டி. சுவரில் பெரிய பேனர்: ஹெல்மெட் போட்ட ஓர் ஆள், தூரத்தில் வாசலில் சேலை கட்டிய மனைவியும் குழந்தையும். கீழே, 'அப்பா, பத்திரமாக வீடு திரும்புங்கள்.' போட்டியின் தலைப்பும் அதேதான்.

நான் அம்மா வேலைக்குப் போடும் சுடிதார் பேன்ட்டும் நீலக் கோட்டும் வரைந்து, ஹெல்மெட்டுக்குக் கீழே நீளமாக ஒரு பின்னலும் போட்டேன். மேற்பார்வைக்கு வந்த ஓர் இளம் அதிகாரி என்னருகில் நின்றார்.

"இன்னா பாப்பா, பொம்பளைய வரைஞ்சிக்கினு இருக்க? தலைப்பு அப்பாதானே?"

"எங்க நைனா லாரி ஓட்டுறாரு சார். இங்க அம்மாதான் வேலை செய்யுது."

அவர் கெட்டவரில்லை. "நல்லாத்தான் வரைஞ்சிருக்க. பின்னல ரப்பர்ல அழிச்சிட்டு ஒரு மீசை போட்டுடு. பிரைஸ் வரும்."

போட்டேன். இரண்டாம் பரிசு வந்தது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மேடையில் பெரிய அதிகாரி படத்தைத் தூக்கிக் காட்டி, "இதுதான் உங்க அப்பாவா? கம்பீரமா இருக்காரே!" என்று மைக்கில் கேட்டார். தலையாட்டினேன். பின்வரிசையில் அம்மா கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது படத்தை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். "மீசை எனக்கு நல்லாத்தான் கீது" என்றாள். பிறகு அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

மழை தொடங்கிய சமயம் அது நடந்தது. பாகங்கள் நிறைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் இறங்கும்போது ஷூ குதிகாலை விட்டுக் கழன்று படி விளிம்பில் மாட்டிக்கொள்ள, அம்மா தட்டோடு விழுந்தாள். இடுப்பெலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள்.

"ஷூவுக்குள்ள துணி வெச்சிருக்கீங்க. அது ரூல்ஸ்லயே இல்லம்மா."

"துணி இல்லாட்டி அத்தப் போட்டுக்கினு நடக்கவே முடியாது சார்."

"அளவு சரியில்லன்னா சொல்லணும் இல்ல?"

"சொன்னேனே. மொத நாளே சொன்னேன்."

அவர்கள் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார்கள். வைத்தியச் செலவைக் கம்பெனி கொடுத்தது. வேலையைத் திரும்பக் கொடுக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்த மற்றப் பெண்களையும் அந்த லைனிலிருந்து எடுத்து, குறைந்த சம்பளத்துக்குப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்களாம். பொம்பளைகளுக்கு அந்த வேலை சரிப்படாது என்று மேலே முடிவு செய்துவிட்டதாகப் பார்க்க வந்த ஓர் அக்கா சொன்னாள். அம்மா அவளுக்கு டீ வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள்.

எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் படியில் காத்திருக்க வேண்டியதில்லை. இடது கையாலேயே அம்மா எனக்குத் தலை வாரிவிடுவாள், கோணலாக.

சாயங்காலம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றக் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்று ஹார்ன் அடிக்கும். அந்த நேரத்தில் அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய்க் கதவைச் சாத்துவாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதனால் பஸ் வரும் நேரத்துக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தேன். அவள் டிவி பக்கம் திரும்பாமல், பஸ் கிளம்பிப் போகும்வரை சாத்திய கதவருகிலேயே நிற்பாள்.