மீன் வண்டிமேல் போட்ட பழி

தூத்துக்குடியில் பார்க்க வேண்டியவை என்று போனில் தேடி எட்டு இடங்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன். கடற்கரையில் அலைகூட இல்லை. இதற்கா காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினோம் என்று இளப்பமாக நினைத்தேன்.

வெளிச்சாப்பாட்டை நம்பாதவள் நான். விடியுமுன் கிளறிய தேங்காய் சாதத்தை டப்பாவில் கட்டிவந்து, பஸ்ஸிலேயே மகளுக்கு ஊட்டியிருந்தேன்.

கணவர் தள்ளுவண்டியில் அவளுக்கு ஒரு துண்டு பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள்.

"சொல்லச் சொல்லக் கேக்காம வாங்கிக் குடுத்தீகளே!" என்று அவரிடம் கத்திவிட்டு, வண்டிக்காரப் பெண்ணிடம் திரும்பினேன். "அழுகுன மீன விக்கிறியே, நீயெல்லாம் புள்ள பெத்தவளா?"

தட்டோடு நின்ற இருவர் மீனை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"காலையில கரைக்கு வந்த மீனுதான் அக்கா. ஏசுறத அப்புறம் ஏசுங்க, மொதல்ல புள்ளைக்கு இதக் குடுங்க" என்று உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு டம்ளரில் நீட்டினாள்.

மகளின் வாயைத் துடைக்கத் துண்டு எடுக்கையில், பைக்குள் டப்பா மூடி நழுவியிருந்தது. குப்பென்று புளித்த நாற்றம். சூடு ஆறுமுன் மூடியிருக்கிறேன். பஸ்ஸில் "புளிக்குதும்மா" என்று மகள் சொன்னபோது, அடம் பிடிக்கிறாள் என்று மிச்சத்தையும் நான்தான் திணித்தேன்.

மூடியை அழுத்தி மூடினேன்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது, "இப்பத் தேவலயாக்கா?" என்றாள் அந்தப் பெண். தலையை மட்டும் ஆட்டினேன்.

தூத்துக்குடி என்று பேச்செடுத்தால் கணவர் இன்றும் அந்த மீன் வண்டியைத்தான் திட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.