டிஸ்க்கை எடுத்த பின்பே நிறுத்தவும்

1989 நவம்பர் 4, சனிக்கிழமை. வழமைபோல ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றினேன். முதல் நாளின் குறிப்பை எழுதினேன். ஒரு நாளைப் பற்றி மறுநாள் விடியவே எழுதுவது என் பழக்கம். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன். இரவு பெய்த மழையில் வாழைகளுக்குள் தண்ணீர் நின்றதால், மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டிவிட்டேன். பிறகு மகனின் அறைக் கதவை மெல்லத் திறந்து, அவன் படுத்திருப்பதைப் பார்த்தேன். இந்தக் கடைசி வேலை அந்தக் கிழமைகளில்தான் என் காலை ஒழுங்கில் சேர்ந்திருந்தது.

அவனுக்குப் பதினேழு வயது. நீர்வேலியிலும் அயல் ஊர்களிலும் அப்போது இந்தியப் படையோடு நின்ற இயக்கக்காரர் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரியூசனுக்குப் போன பெடியன்களைச் சந்தியில் மறித்து வாகனத்தில் ஏற்றினார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டி, கையில் துவக்கைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தாய்மார் முகாம் வாசல்களில் கிடந்தார்கள். நாங்கள் அவனை வெளியே விடவில்லை. முதல் சில நாள் சத்தம் போட்டான். பிறகு கதைப்பதைக் குறைத்தான். பிறகு சாப்பாட்டையும் குறைத்தான். இரண்டு தடவை பின்வேலியால் பாய்ந்து, வாழைத் தோட்டத்துக்கு அப்பால் இருந்த கூட்டாளி வீட்டுக்குப் போய் வந்தான். இரண்டு தடவையும் என் மனைவி அடுப்படி நிலத்தில் இருந்தவள், அவன் திரும்பும்வரை எழும்பவில்லை.

அவனை வீட்டுக்குள் வைத்திருக்க எங்களிடம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. மனைவியின் தம்பி லண்டனிலிருந்து முந்தைய வருடம் கொடுத்தனுப்பிய விளையாட்டுக் கொம்பியூட்டர். ஒருவர் பாவித்துக் கழித்தது. எழுத்துக் கட்டைகளும் டிஸ்க் ஓடும் பகுதியும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. எங்கள் ரீவியில் பொருத்தினால் படம் வந்தது. சத்தத்துக்குப் பதிலாக இரைச்சல் வந்தது. டிஸ்க்கைச் செருகினால் உள்ளே மோட்டார் முனகும், டிஸ்க் சுற்றாது. கிரிக்கெற் விளையாடித் திரிந்த காலத்தில் அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடைபட்ட பிறகுதான் அதன் முன்னால் போய் இருக்கத் தொடங்கினான்.

"செத்த பெட்டியப்பா இது. என்னைப்போலத்தான்" என்றான் ஒரு நாள்.

"சரியாக்கித் தந்தால் வீட்டுக்குள்ளை நிப்பியோ?"

"சத்தமும் டிஸ்க்கும் வரட்டும். பிறகு நீங்கள் பிடரியிலை அடிச்சுக் கலைச்சாலும் போகமாட்டன்."

அதை நான் பகிடியாக எடுக்கவில்லை. கந்தோரில் கட்டடப் படம் வரைவது என் தொழில். நுட்பமான வேலைக்குக் கை பழகியிருந்தது. பெட்டியைக் கழற்றினேன். மோட்டாரிலிருந்து சில்லைச் சுற்றும் ரப்பர் பெல்ற் இளகி, பாகுபோல விரலில் ஒட்டியது. டிஸ்க் பகுதியைத் தனியே எடுத்துத் துணிப்பையில் சுற்றிவைத்தேன். அந்தச் சனிக்கிழமை காலை அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அச்சுவேலிக்குப் புறப்பட்டேன்.

சந்திக் காவலரணில் இந்தியச் சிப்பாய் பையை விரித்தான். வயர்கள் தொங்கிய தகரப் பெட்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான். "றேடியோ, றேடியோ" என்றேன். அவன் அதைத் தடியால் புரட்டி, நிலையம் பிடிக்கும் குமிழைத் தேடினான். "பாட்டு?" என்று கேட்டான். தலையை ஆட்டி, "பழுது" என்றேன். அந்தச் சொல்லும் அவனுக்குத் தெரிந்திருந்தது. போகச் சொன்னான். என் சாறம் தொடையோடு நனைந்திருந்தது. அது மழைத் தண்ணீர் அல்ல.

அச்சுவேலியில் றேடியோ திருத்துகிறவர் கசெற் பெல்ற்றுகள் நிறைந்த பிஸ்கற் பேணியைக் கவிழ்த்துக் கொட்டினார். மூன்றாவது பெல்ற் அளவாக இருந்தது. சத்தத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணை, லண்டன் பெட்டியெல்லோ. படம் எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே இடத்திலைதான் வரும். சத்தம் அவங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வரும். உங்கடை ரீவி அங்கை காது குடுக்காது. லண்டனிலை வாங்கின ரீவியளைக் கொண்டந்து, படம் வருது பேச்சு வரேல்லை எண்டு நிக்கிற சனத்தை நான் எத்தினை கண்டிட்டன்."

"அப்ப என்ன செய்யிறது?"

"ரீவிக்குள்ளை சத்தத்துக்கெண்டு ஒரு சுருள் இருக்கு. அதின்ரை நடுக்கட்டையை மெல்லத் திருப்புங்கோ. இரும்பாலை தொடாதேங்கோ. இடக்கையைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு செய்யுங்கோ, கரண்ட் அடிக்கும்."

"நான் வீட்டிலை சாறமெல்லோ கட்டிறது. பொக்கற் இல்லை."

"அப்ப அக்காவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ. அடிச்சால் ரெண்டு பேரும் சோடியாப் போகலாம்" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒண்டு, அதைத் திருப்பினால் எங்கடை நிலையங்கள் ஊமையாப் போயிடும். வீட்டிலை கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ."

வீட்டில் கேட்டேன். மனைவி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "செய்தியைக் கேட்டு ஆருக்கு என்ன வந்தது? இந்தியாப் படம் வாயசைச்சாலே எனக்கு விளங்கும். நீங்கள் திருப்புங்கோ."

மத்தியானத்துக்குப் பிறகு கரண்ட் வந்தது. புதிய பெல்ற்றோடு டிஸ்க் சுற்றியது. சின்ன விளக்கு எரிந்து விளையாட்டு ஏறியது. ரீவியின் முதுகைக் கழற்றி, மனைவியின் பிளாஸ்ரிக் பின்னல் ஊசியின் முனையை அரத்தால் தட்டையாக்கி, சுருளின் நடுக்கட்டையை இம்மி இம்மியாகத் திருப்பினேன். இரைச்சல் மெலிந்தது. அதற்குள்ளிருந்து பாட்டுப் போன்ற ஒரு மெட்டுத் தெளிவாக வந்தது. மகன் எழுந்து நின்றுவிட்டான்.

மனைவி ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தாள். "றோட்டுக்குக் கேக்கும். இந்த வீட்டிலை பெடியன் நிக்கிறான் எண்டு பறையடிச்சுச் சொல்லுறியளோ?"

குறைத்த சத்தம் ரீவியின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்தால்தான் கேட்டது. காதை வைத்தால் படம் தெரியாது. அவன் ஒருதரம் காதை வைப்பான், ஒருதரம் முன்னால் ஓடி வந்து பார்ப்பான். ஓடினபடியே சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

விளையாட்டு, இருவர் போட்டிக்கு ஓடும் கார் ஓட்டம். என்னை இருத்தினான். என் கார் ஒவ்வொரு வளைவிலும் நின்றது.

"அப்பா, நீங்கள் ரூலரும் பென்சிலும் வைச்செல்லோ ஓடுறியள்!"

"மெல்ல ஓடினால் முட்டாதுதானே."

"இது கந்தோர் இல்லையப்பா. முட்டினால்தான் விளையாட்டு." தன் காரையும் நிறுத்தினான். "அவன் இருந்தானெண்டால்" என்றான், கூட்டாளியை நினைத்து.

டிஸ்க் உள்ளே இருக்கும்போது பெட்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் டிஸ்க் பழுதாகும் என்று லண்டனிலிருந்து வந்த தாளில் எழுதியிருந்தது. அதை அவனுக்கு இரண்டு தரம் சொன்னேன். "ஓம் ஓம்" என்றான்.

வெளிச்சம் மங்கிய மைம்மல் நேரம் நான் ரீவியின் முதுகைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். பின்வளவிலிருந்து அவன் குரல் கேட்டது.

"அம்மா, சத்தம் வந்திட்டுது எண்டு அவனுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு ஓடியாறன்!"

நான் வேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாழையிலைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. அந்த வயதில் ஒருவன் தனக்குக் கிடைத்ததைக் கூட்டாளிக்குக் காட்டாமல் எப்படி இருப்பான்? அதை நாங்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பெட்டி செத்துக் கிடந்தவரை அவனுக்குக் காட்ட எதுவும் இருக்கவில்லை.

ரீவியில் விளையாட்டின் முதற்படம் நின்றது; அதே மெட்டுத் திரும்பத் திரும்ப மெல்லக் கேட்டது. நிறுத்தப் போனேன். "நிப்பாட்டாதேங்கோ, ரெண்டு பேரும் வந்து விளையாடுவாங்கள்" என்றாள் மனைவி. இடியப்பத்தை நான்கு பேருக்குப் போட்டு மூடிவைத்திருந்தாள்.

ஏழு மணிக்குப் பிறகு கூட்டாளியின் தகப்பன் விளக்கில்லாமல் வாழைகளுக்குள்ளால் வந்தார். அடுப்படி வாசலில் நின்றார்.

"உங்கடை பெடியன் இஞ்சை நிக்கிறானோ?"

"உங்கடை வீட்டையெல்லோ வந்தவன்" என்றேன்.

"வந்தவன்தான். ரெண்டு பேரும் உடனையே ஒழுங்கையாலை வெளிக்கிட்டவங்கள். இப்பத்தான் சொல்லுறாங்கள், வைரவர் கோயிலடியிலை வாகனம் ஒண்டு நிண்டதாம்."

மனைவி நிலத்தில் இருந்தாள். இந்த முறையும் அவள் எழும்பவில்லை. ஊரடங்கு, விடியும்வரை யாரும் றோட்டில் இறங்க முடியாது. அவர் அங்கேயே இருந்தார். உள்ளே அந்த மெட்டு ஓடிக்கொண்டேயிருந்தது.

பிறகு எத்தனையோ முகாம் வாசல்களில் நின்றிருக்கிறேன். வடக்குக் கரையில் கண்டதாக ஒருவர் சொன்னார். கப்பலில் இந்தியாவுக்குப் போனதாக இன்னொருவர் சொன்னார். இன்றுவரை நம்பக்கூடிய ஒரு சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கரண்டும் இல்லாமல் போனது. அந்தச் சனிக்கிழமைக்குரிய பக்கத்தை நான் அப்போது எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஞாயிறு விடிந்ததும் முதலில் செய்தது இது: பொத்தானை அழுத்தி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். அதன் உறைக்குள் போட்டேன். அதன் பிறகே பெட்டியை நிறுத்தினேன்.