இலையுதிர்ந்த மாதத்துப் படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வேலை காட்டை மேலிருந்து பார்ப்பது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. கணினிகள் சூடாகிவிடக் கூடாது என்று ஏர்கோனைக் குளிரக் குளிர வைத்திருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும். நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் காடுகளைத் திரையில் விரித்து உட்கார்ந்திருப்பேன்.

செயற்கைக்கோள் அனுப்பும் அந்தப் படங்களில் காடு பச்சையாக இருக்காது, சிவப்பாக இருக்கும். இலை சூரியனின் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத வேறோர் ஒளியைத் திருப்பி வீசுகிறது. அதைத்தான் கணினி சிவப்பாகக் காட்டும். அந்த ஒளி எவ்வளவு என்று பார்த்தால் இலை எவ்வளவு என்று ஊகிக்கலாம். இலையை வைத்து, அந்தக் காடு ஓராண்டில் காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை இழுத்துக்கொள்ளும் என்று மதிப்பிடலாம். எங்கள் ஆய்வு அதுதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் சிவப்பு மெல்ல மூச்சுவிடுவதுபோல இருக்கும். அதன்மேல் மேகங்கள் வெள்ளைத் திட்டுகளாக மிதக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கறுத்த நிழல். மேகம் மூடாத படம் கிடைப்பதே எங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் டாக்டர் என்றே கூப்பிடுவோம். ஒருநாள் அவர் திரையில் விரலை வைத்தார். பகாவ் நகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டினாற்போல் ஒரு பெரிய சிவப்புத் திட்டு. கணினி அதைக் காடு என்று சொல்லியிருந்தது. வரைபடமோ ரப்பர் தோட்டம் என்றது.

“யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்” என்றார்.

“நான் போகிறேன். அங்கேதான் பிறந்தேன். என் அக்கா இன்னும் அங்கே பால்மரம் வெட்டுகிறாள்.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடம் அவரோடு வேலை செய்தும் இதை நான் சொன்னதில்லை.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் பதின்மூன்று வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனபோது அவள் கையில் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்கத்தி இருந்தது. அதன்பிறகு தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

நான் போனது பிப்ரவரி மாதம். பஸ்ஸை விட்டிறங்கி, வரைபடமும் திசைகாட்டியுமாக மரங்களுக்குள் நுழைந்தேன். காற்றே இல்லை, ஆனால் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. செம்பு நிறத்தில், ஒவ்வொன்றும் அவசரமில்லாமல், தனக்கென்று ஒரு வழி வைத்திருப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்தன. எப்போதும் இருட்டாகவே என் சிறுவயது நினைவில் இருந்த இடம் அன்றைக்கு வெளிச்சத்தில் நின்றது. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னா பாப்பா, சம்பளம் குடுத்து மரத்த வேடிக்கை பாக்க அனுப்புறாங்களா?”

“இது காடா தோட்டமான்னு பாக்க வந்தேன்க்கா.”

வரிசை வரிசையாக நின்ற மரங்களை அவள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இதுல என்னாடி சந்தேகம்?”

“மேலருந்து படம் எடுத்தா தெரியலக்கா. ரெண்டும் ஒரே மாதிரி சிவப்பா இருக்கு.”

“இப்ப எடுக்கச் சொல்லு லா. மொட்டையா நிக்குது பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் வைத்திருந்தது ஜூலை மாதப் படம். காட்டில் எல்லா மரமும் ஒரே சமயத்தில் இலை கொட்டாது. பால்மரம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டும். இந்த இலைகளில் உருண்டு வளர்ந்தவள் நான், இரண்டு வருடம் திரைமுன் உட்கார்ந்திருந்தும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

திரும்பிப் போய், படங்களைப் பதிந்துவைத்திருந்த பழைய காந்த நாடாக்களைத் தேடினேன். ஒரு பிப்ரவரிப் படம் அகப்பட்டது. பாதி மேகம், நல்லவேளையாக அந்த மூலை மட்டும் தெளிவு. காடு கருஞ்சிவப்பாக இருந்தது, தோட்டம் சாயம் போன புடவைபோல வெளிறிக் கிடந்தது. அதைக் காட்டிலிருந்து பிரித்தெடுத்தோம். காடு இழுக்கும் கார்பனின் அளவு குறைந்தது. டாக்டருக்குத் திருப்தி.

அந்தப் படத்தைத் தாளில் அச்சடித்து அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் மடியில் விரித்துவைத்துத் தடவிப் பார்த்தாள்.

“இதுல நா எங்க இருக்கேன்?”

“ஆளெல்லாம் தெரியாதுக்கா. ஒரு புள்ளியில முப்பது மரம் அடங்கிடும்.”

“எத்தன மணிக்கு எடுத்தது?”

“காலைல பத்து இருக்கும்.”

“அப்ப இந்தப் புள்ளியில எங்கயோதான் ஒக்காந்திருப்பேன். எல கொட்டுற பிப்ரவரியில பால் ஏது, வேல ஏது?” தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்: “காடு இல்லன்னு எடுத்துட்டீங்க, சரி. இந்த மரமும் காத்த குடிக்குந்தானே? அது எங்க போச்சு?”

திரும்பிப் போனதும் அதையே டாக்டரிடம் கேட்டேன். “அளக்காததை எப்படிச் சேர்ப்பது? அளந்து கொண்டு வா” என்றார்.

அந்த வருடக் கடைசியில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அக்காவும் அளந்தோம். நெஞ்சு உயரத்தில் அளவு நாடாவைச் சுற்ற வேண்டும் என்பது விதி. அக்கா தடுத்தாள்.

“இங்க அளந்தா தப்பா காட்டும் பாப்பா. வெட்டி வெட்டிப் பட்டை வீங்கிக் கெடக்கு. மேல அளக்கணும்.”

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று அளவையும், அது பாலுக்கு வெட்டும் மரமா விட்ட மரமா என்பதையும் அவள் சொல்ல, நான் எழுதினேன். மழைக்குப் பிறகான காலை, மரங்களுக்கிடையே பனி இன்னும் கலையவில்லை. அவள் குரல் முன்னால் போக, அதைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து நடந்ததில்லை.

ஒரு மரத்திடம் வந்ததும் நாடா போதவில்லை. அக்கா மரத்தின் வயிற்றில் தட்டினாள்.

“இதுல பாலே வராது. வெட்டுறத விட்டுட்டேன். எப்படிப் பெருத்திருச்சு பாத்தியா? நா எடுக்காததெல்லாம் ஒடம்புல ஏறிருச்சு.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், வெட்டாத மரங்கள் எல்லாமே பக்கத்து மரங்களைவிடப் பருமன். செயற்கைக்கோள் இலையைப் பார்க்கிறது, இலை குடிப்பதைச் சொல்கிறது. குடித்ததில் ஒரு பங்கு பாலாக இறங்கி, அக்காவின் வாளியில் ஏறி, லாரியில் தோட்டத்தைவிட்டே போய்விடுகிறது. இருபது வருடங்களாக அவள் சுமந்ததும் காற்றிலிருந்து வந்ததுதான்.

“ஏன்டி அழுவுற?” என்றாள் அக்கா.

“கொசு கண்ணுல பட்டுருச்சு.”

டாக்டர் அந்த நோட்டை இரண்டு முறை படித்தார். அறிக்கையில் இதற்கென்று ஒரு பத்தி எழுதினார். கடைசிப் பக்கத்து நன்றியில், அளந்து உதவியவர் என்று அக்காவின் பெயரும் வந்தது.

அதற்குள் மரங்கள் போய்விட்டன. அடுத்து வந்த படத்தில் அந்த இடம் சாம்பல் கலந்த நீலம், வெறும் மண். அக்கா குடும்பத்தோடு மம்பாவ் என்ற ஊருக்குக் குடிபோய், ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். அறிக்கையோடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். மழை பிடித்துக்கொண்டது. தன் பெயர் இருந்த வரியை மட்டும் அவள் விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

“இங்கிலீஸா இருக்கு. என்னா எழுதியிருக்குன்னு சொல்லு.”

முதலிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒளியைச் சொன்னேன், இலையைச் சொன்னேன். பாலைப் பற்றிய பத்தியை எட்டுவதற்குள் அக்கா நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, கூரைத் தகரத்தில் பெய்யும் மழையைக் கேட்டபடி நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.