ஜெபம் என்று பெயர் வைத்த ஃபோல்டர்

கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டு என் மனைவி தன் தம்பிக்கு போன் போட்டாள். அவன் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

“சிஸ்டம் பூட்ச்சி மாமா. எல்லாத்தையும் அழிச்சிட்டு புச்சா ஏத்தணும். உள்ள இன்னா கீதுன்னு சொல்லு, மொதல்ல எடுத்து வெச்சிட்றேன்.”

உள்ளே இருந்ததை வெளியே சொல்ல முடியாது.

நான் படித்தது ஐந்தாவது வரை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஹோட்டலில் தோட்ட வேலை. செடிகள் எதிர்க் கேள்வி கேட்காது, அதனால் பிழைத்தேன். மனிதர்கள் யாராவது திட்டினால் எனக்குப் பதில் இரண்டு மணி நேரம் கழித்து, புல் வெட்டும்போது வரும். நல்ல பதிலாகத்தான் வரும். கேட்கத்தான் ஆள் இருக்காது.

மகள் வேலைக்குப் போய் லேப்டாப் வாங்கியதும் பழைய கம்ப்யூட்டர் எனக்கு வந்தது. குரலைப் பதிவு செய்ய அவள்தான் காட்டிக்கொடுத்தாள், அப்பா பாடுவார் என்று நினைத்து. நான் திட்டினேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஹோட்டல் மேனேஜர், பாஸ்டர், மீன் வாங்கும்போது குறுக்கே நுழைகிறவர் என்று ஒவ்வொருவரையும் ஆற அமரத் திட்டினேன். நாலு வருஷத்தில் நாற்பத்து மூன்று சேர்ந்தது. மனசு சரியில்லாத நாளில் போட்டுக் கேட்பேன். இவ்வளவு தைரியமாகப் பேசுகிற ஆள் நான்தானா என்று பெருமையாக இருக்கும். அவை போய்விட்டால் நான் வெறும் ஊமை. வெளியே தெரிந்தாலோ, அதைவிட மோசம்.

யாரும் திறக்கக் கூடாதென்று ஃபோல்டருக்கு ‘ஜெபம்’ என்று பெயர் வைத்தேன். உள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் யாரைத் திட்டினேனோ அவர் பெயர்.

மச்சான் பென்டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை ஓடவிட்டு எங்கள் கோப்புகளைத் திரைக்குக் கொண்டுவந்தான்.

“அக்கா, ஜெபம்னு ஒன்னு கீது. மேனேஜர், பாஸ்டர்... அட, எம்பேரு கூட கீது! யார் யாருக்கோ ஜெபம் பண்ணிக்கிறாரு உன் வூட்டுக்காரரு.”

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். “இந்த மனுசனா? என் பேரு கீதாடா?”

“ஒம்போது கீது.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஸ்தோத்திரம் ஆண்டவரே! போடுடா, கேப்போம்.”

“வேணாம். அது தனியா பண்றது,” என்றேன்.

“ஓடுதான்னு பாக்கணும் மாமா. கெட்டுப்போன ஃபைல காப்பி பண்ணி இன்னா பிரயோசனம்?” என்று தன் பெயரைத் தட்டினான்.

ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. “டேய் மச்சான். கல்யாணத்துல பாஸ்டர் ‘சம்மதமா’ன்னு கேட்டப்போ நான் தலைய ஆட்னேன். வாயத் தொறக்கல. மூணு தபா கேட்டாரு. வாஸ்தவந்தான். அத எல்லா விசேஷத்துலயும் சொல்லிக்கினு கீறியே, உனுக்கு வேற பொழப்பே இல்லியா? அன்னிக்கி நீ காலி பிரியாணி அண்டாவுல பட்த்து தூங்குனத நான் எவன் கிட்டயாவது சொன்னனா?”

 என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்போ, என் பேர்ல கீற ஒம்போது?”

நான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன்.

“எல்லாத்தையும் எடுத்து வைடா,” என்றாள் தம்பியிடம். “ஒன்னு கொறையக் கூடாது.”

சாயங்காலம் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. மச்சான் பெயரைக் காணோம்.

“ஹார்டு டிஸ்க்குல அந்த எடம் மட்டும் கெட்டுப்பூட்ச்சி மாமா,” என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திருடன். பழையதெல்லாம் துடைத்தாகிவிட்டது, இனி அது என் மண்டையில்தான் இருக்கிறது. அவன் ஹெல்மெட்டை மாட்டுவதற்குள் வாசலில் மறித்து, முதலிலிருந்து சொன்னேன்.  நடுவில் ஒரு வரி விட்டுப்போனது. அண்டாவைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது.

“அக்கா! மாமா வாயத் தொறந்துட்டாரு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

“தெரியும்டா,” என்றாள் அவள் உள்ளிருந்து. “என் ஒம்போதுல ரெண்டாவது கேட்டுக்கினு கீறேன்.”

மச்சான் பைக்கை உதைத்தான். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.