எஸ்தர் ஆண்ட்டி ஜெபத்தில் சொன்ன பெயர்கள்

எஸ்தர் ஆண்ட்டி போயிட்டாங்க.

காலைல அவங்க பொண்ணு ஜெனிகிட்ட இருந்து மெசேஜ்... "அம்மா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள்." அரைத் தூக்கத்துல படிச்சேன். நித்திரைன்னு பார்த்ததும், சரி, ஆண்ட்டி தூங்கறாங்கன்னு போனை வச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது.

கல்யாணமான புதுசுல பூந்தமல்லியில நாங்க வாடகைக்கு இருந்தது அவங்க வீட்டுலதான். கீழே ஆண்ட்டி, மாடியில நானும் செந்திலும்.

திருநெல்வேலி பக்கத்துக்காரங்க. அங்கிள் ஆவடி ஃபேக்டரியில வேலை பார்த்து, ரிட்டயர் ஆனதும் கட்டின வீடு. நாங்க குடி போறப்ப அங்கிள் உயிரோட இல்ல. நாலு பிள்ளைங்க, மருமக்கள், பேரப்பிள்ளைங்க... அத்தனை பேருக்கும் ஆண்ட்டி சொன்னா சொன்னதுதான்.

எனக்கு அப்போ நைட் ஷிஃப்ட். விடியற நேரத்துல கம்பெனி கேப் இறக்கி விடும். நான் படுக்கறதும் ஆண்ட்டி ஜெபம் பண்ண உட்கார்றதும் ஒரே நேரம்.

கீழ்வீட்டு ஜன்னல்ல இருந்து அந்தக் குரல் மெதுவா மேல ஏறி வரும். எது ஜெபம், எது என் கனவுன்னு பிரிக்கவே முடியாது.

பிள்ளைங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லி ஆண்டவர்கிட்ட ஒப்படைப்பாங்க. ஜெனி, டேவிட், கிரேஸ், ஜான்சன், சாமுவேல்... அப்புறம் பால்காரர். எதிர்வீட்டு பாயோட மூட்டுவலி. மெட்ரோ வேலைக்கு வந்திருந்த வடநாட்டுப் பசங்க. "அவுக பேரு என் வாயில நுழையல ஆண்டவரே, உமக்குத் தெரியும்."

ஒருநாள் "மாடியில இருக்க கவிதா"ன்னு கேட்டுச்சு. கனவுன்னு நினைச்சேன். மறுநாளும் கேட்டுச்சு.

மத்தியானம் ஆனா தூக்குச்சட்டியில கஞ்சி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவாங்க. துணைக்கு ஆளில்லாம படுத்திருக்கிறவங்க பக்கத்துல போய் உட்காருவாங்க. கஞ்சி குடிக்க வைப்பாங்க, பேசுவாங்க, அவ்வளவுதான்.

"இதுவும் ஊழியமா ஆண்ட்டி?"ன்னு கேட்டேன் ஒருதடவை.

"ஊழியமாவது ஒண்ணாவது. தனியா படுத்துக் கிடந்தா கூரை ரொம்ப ஒசரமாத் தெரியும், ஏட்டி."

ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் மொத்தக் குடும்பமும் ஆண்ட்டி வீட்டுலதான் சாப்பிடணும். சாக்கு சொல்லவே முடியாது. மட்டன் குழம்பு வாசனை மாடிப்படி வரைக்கும் நிக்கும்.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான்... எனக்கு அஞ்சாவது மாசம். செந்தில் ஆபீஸ் வேலையா புனேயில இருந்தார். திடீர்னு வயித்துல இழுத்துப் பிடிச்ச மாதிரி ஒரு வலி. சுவரைப் பிடிச்சுக்கிட்டே படியிறங்கி வந்து அவங்க வாசல்ல நின்னேன். காலெல்லாம் ரத்தம்.

உள்ளே எல்லாரும் இலை முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. ஆண்ட்டி ஒரு பார்வைதான் பார்த்தாங்க. கையில இருந்த கரண்டியை மூத்த மருமக கையில குடுத்தாங்க. "நீ பரிமாறு"ன்னுட்டு, சர்ச்சுக்குக் கட்டின அதே வெள்ளைப் புடவையோட என்கூட ஆட்டோவுல ஏறிட்டாங்க.

ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருந்தாங்க. "பள்ளமா கீது, பாப்பாவ கெட்டியா புட்ச்சிக்கோமா"ன்னு ஆட்டோக்காரர் ஆண்ட்டிகிட்ட திரும்பித் திரும்பிச் சொல்லிக்கிட்டே ஓட்டினார். "பைய போங்க, பைய"ன்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டே ஆண்ட்டி என்னைப் பிடிச்சிருந்த பிடி இப்பவும் தோள்ல இருக்கு.

குழந்தை தங்கல.

செந்தில் வந்து சேர்ற வரைக்கும் ஆண்ட்டி ஆஸ்பத்திரியில என் கட்டிலை விட்டு நகரல. புடவையில கறை காஞ்சு போயிருந்துச்சு. அதைப் பத்தி அவங்க கவலைப்பட்ட மாதிரியே தெரியல.

"ஜெபம் பண்ணட்டுமா?"

"வேணாம் ஆண்ட்டி. உங்க சாமி, எங்க சாமி... எல்லார் மேலயும் கோவமா இருக்கு."

அவங்க சுருங்கிப் போவாங்கன்னு நினைச்சேன். "கோவப்படு. அவரு தாங்குவாரு"ன்னாங்க. பையில இருந்து சீப்பை எடுத்து, சிக்கு விழுந்து கிடந்த என் முடியை நுனியில இருந்து பொறுமையா பிரிச்சு விட ஆரம்பிச்சாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு நான்தான் கேட்டேன். "சாமுவேல் யாரு ஆண்ட்டி? ஞாயித்துக்கிழமை வர்றதே இல்லையே?"

சீப்பு ஒரு நிமிஷம் நின்னுச்சு.

"எனக்கு நாலு இல்ல, அஞ்சு. அவன் கடைசி. ஒரு வாரம் இருந்தான்."

அப்புறம் திரும்பவும் சீவ ஆரம்பிச்சாங்க.

வீட்டுக்கு வந்து சில நாள் கழிச்சு, ஒரு காலைல, அதே அரைத் தூக்கத்துல கேட்டேன். என் பேர், செந்தில் பேர் சொல்லி முடிச்சு, குரல் கொஞ்சம் தயங்குச்சு.

"பேரு வைக்காத அந்தப் பிள்ளையையும் பாத்துக்கிடும் ஆண்டவரே."

எங்க வீட்டுலயே அதை யாரும் ஒரு பிள்ளைன்னு சொல்லல. "அடுத்தது நல்லபடியா பிறக்கும்"னுதான் சொன்னாங்க. தலையணையில முகத்தை வச்சு அன்னிக்குத்தான் முதல்தடவை வாய்விட்டு அழுதேன். கீழே கேட்டிருக்கும். ஆண்ட்டி ஏன்னு விசாரிக்கவே இல்ல.

அந்த வீட்டுல நாங்க இருந்த கடைசி நாள் வரைக்கும் அந்த வரி ஜெபத்துல வந்துச்சு.

இன்னிக்குச் சாயங்காலம் அடக்கம். செந்தில் ஆபீஸ்ல இருந்து நேரா வந்துடுவார். நானும் எங்க பொண்ணும் இப்போ பஸ்ல... ஐயப்பன்தாங்கல் தாண்டியாச்சு. வெளியே வெயில், தூசி, மெட்ரோ தூண்... எல்லாமே தண்ணிக்குள்ள இருந்து பார்க்கற மாதிரி இருக்கு.

"நாம யார் வீட்டுக்கும்மா போறோம்?"

"நீ பிறந்தப்ப உன்னை முதல்ல குளிப்பாட்டி விட்டவங்க வீட்டுக்கு."

"அவங்க பேரு என்ன?"

சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, வெளியே பார்த்து, அந்தப் பேரை ராகம் மாதிரி சொல்லிக்கிட்டே வர்றா.

உங்க ஊர்ப் பேச்சுலயே சொல்றேன் ஆண்ட்டி... பைய போங்க.