குப்பைக்குப் போன ஐந்து மெயில்கள்

விஜயனைக் கண்டாலே எனக்கு ஆகாது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வரை நாங்கள் இருவரும்தான் கவனித்தோம். தொட்டதற்கெல்லாம் மெயில் அனுப்புவான். எரிச்சலில், அவன் மெயில்கள் நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்துவைத்தேன்.

ஒரு டிஸ்க் போனால் சர்வர் தாங்கும். ஒருநாள் காலை இரண்டாவதும் போக, படங்கள் எல்லாம் அழிந்தன.

"முதல் டிஸ்க் போனப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"அஞ்சு மெயில் அனுப்பினேன், கேட்டோ," என்றான் தன் மலையாளத் தமிழில்.

ஐந்தும் குப்பையில் திறக்கப்படாமல் கிடந்தன.

அப்போதுதான் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் பழைய படத்தைக் கேட்பதாகச் சொன்னார்.

"படம் போயிடுச்சும்மா. தப்பு எங்களோடதாக்கும்," என்றான் விஜயன்.

என் தப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டானே, அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.